தெற்கே விழுந்த நிழல்

அறிவியல் நோட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அழித்த கோடு தெரிந்தது.

நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. கொஞ்சம் சாய்த்தால் தெரிந்தது. பென்சில் கரி போய்விட்டது, ஆனால் அழுத்தி வரைந்த தடம் தாளில் பள்ளமாக அப்படியே இருந்தது. அதன் நுனியில் குட்டியாக ஓர் அம்புக்குறி.

மணி பத்து. கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் நகத்தால் தேய்த்தேன். பிறகு கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்தேன். கை வியர்த்து, தாளின் ஓரம் ஈரத்தில் சுருண்டுகொண்டது. இப்போது அழித்த கோட்டோடு என் கட்டைவிரல் ரேகையும் சேர்ந்துவிட்டது.

என் மகள் யுவஸ்ரீ, ஒன்பது வயது, சோபாவில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாகவே அந்த அறிவியல் நோட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பெட்டியில் வராதது

வீட்டுப் பள்ளிக்கான பெட்டி எங்கள் வாசலில் வந்து இறங்கிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

யுவா இரண்டாம் ஆண்டு படிக்கும்போது பள்ளியில் பேசுவதை நிறுத்திவிட்டாள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. வகுப்பாசிரியை தங்கமான மனுஷி. ஆனால் பள்ளி வாசலைத் தாண்டியதும் இவளுக்கு வாய் பூட்டிக்கொள்ளும். வீட்டில் பேசுவாள், மெதுவாக. வெளியாட்களிடம் கிடையாது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், அவசரப்படுத்தாதீர்கள் என்றும் சொன்னார். அவசரப்படுத்தாமல் இருப்பது எனக்குப் பிறவியிலேயே வராத ஒன்று.

கிளினிக்கில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். அதற்கு இங்கே மலேசியாவில் அரசாங்கத்திடம் விலக்குக் கடிதம் வாங்க வேண்டும். முதல் வருஷம் கிடைத்தது. அடுத்த வருஷத்துக்குத் தருவதற்கு முன்னால் அதிகாரி வீட்டுக்கு வந்து நோட்டுகளைப் பார்ப்பார், பிள்ளையிடம் பேசுவார். சரியில்லை என்று எழுதிவிட்டால் அவ்வளவுதான், மறுபடி பள்ளி. பள்ளிச் சீருடையான அந்த நீலப் பினாஃபோர் அலமாரியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. துணி எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அதை ஓரமாகத் தள்ளிவிடுவேன்.

தமிழ், மலாய், கணக்கு மூன்றையும் எப்படியோ ஓட்டிவிடலாம். அறிவியல் என்றால்தான் எனக்கு உதறல். அதனால்தான் அமெரிக்காவிலிருந்து அந்தப் பெட்டியை வரவழைத்தேன். முப்பத்தாறு வாரத்துக்கான பாடம், காந்தம், திசைகாட்டி, பூதக்கண்ணாடி எல்லாம் உள்ளே இருந்தன. எனக்கு மிகவும் பிடித்தது விடைப் புத்தகம்தான். மெல்லியது, தலையணைக்கு அடியில் வைக்கலாம். வைத்தும் இருந்தேன்.

விதைப் பொட்டலம் மட்டும் வரவில்லை. வெளிநாட்டுக்கு விதை அனுப்ப முடியாது, உங்கள் ஊர்க் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு வந்தது. எங்கள் ஊர் ஈப்போவில் பச்சைப்பயறா கிடைக்காது? ஆனாலும் விதை வரவில்லை என்று சாக்குச் சொல்லி விதை முளைக்கும் பாடத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது.

சாத்தே குச்சி

நிழல் பாடம் ஜூன் மாதத்தில் வந்தது. வெயிலில் ஒரு குச்சியை நட்டு, கால் மணிக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் புள்ளி வைக்க வேண்டும். நிழல் எப்போது மிகவும் குட்டையாக இருக்கிறது, அப்போது எந்தத் திசையில் விழுகிறது? இதுதான் கேள்வி.

யுவா, இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சி ஒன்றைக் களிமண் உருண்டையில் குத்தி, மணிலா அட்டையில் நிற்கவைத்து, போர்ட்டிகோவுக்கு வெளியே வைத்தாள். அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு பதினோரு மணியிலிருந்து அங்கேயே குந்தியிருந்தாள். நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டு, இந்த வெயிலில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரப்போகிறது, அதிகாரி வரும் நேரத்தில் படுக்கப்போகிறாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மணிக்குக் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். ஆமாம், கத்திக்கொண்டு. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று அப்போது நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"மா! பன்னெண்டு மணிக்கு இல்லமா! சூராவ்ல பாங்கு சொன்னாங்கல்ல, அப்பதான் ரொம்பக் குட்டை! மகேஸ் ஆன்ட்டி வீட்டுப் பக்கம் காட்டுது!"

தெருமுனையில் இருக்கும் சின்னப் பள்ளிவாசலான சூராவில் மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது மணி ஒன்றேகால் தாண்டியிருக்கும். மகேஸ் ஆன்ட்டி என்றால் வலப்பக்கத்து வீட்டு மகேஸ் அக்கா.

"அது எந்தத் திசை?" என்றேன்.

"தெற்குமா. நம்ம சாமி கிழக்க பாத்துதானே இருக்கு? அப்ப வலது கைப்பக்கம் தெற்கு."

நான் விடைப் புத்தகத்தைத் திறந்தேன். நண்பகல் பன்னிரண்டு மணி. வடக்கு. எப்போதும் வடக்குதான் என்று ஒரு வரி வேறு சேர்த்துப் போட்டிருந்தார்கள். பிள்ளை எழுதியதில் நேரமும் தப்பு, திசையும் தப்பு.

"நீ குச்சிய ஆட்டிட்ட போலருக்கு."

"ஆட்டலமா."

பெட்டியில் வந்த திசைகாட்டியை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதுவும் மகேஸ் அக்கா வீட்டைத்தான் தெற்கு என்றது. கப்பலில் வந்ததில் முள் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவுக்குப் பிறகும் புத்தகம் தப்பாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. வழவழ தாள், கலர் படம், வெளிநாட்டு அச்சு. அதைச் சந்தேகப்படுகிற துணிச்சல் எங்கள் பரம்பரையில் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆறு வருஷமாகவா?

அப்படியானால் தப்பு எங்கே? யோசித்து யோசித்து ஒரு பதில் கண்டுபிடித்தேன். சாமி மேடை!

இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம். ரப்பர் மரங்களை அழித்துவிட்டுக் கட்டிய தாமான் குடியிருப்பு, எல்லா வீடும் ஒரே அச்சு. குடிவந்த அன்று சாமி மேடையைக் கிழக்கு பார்த்து வைத்தது என் கணவர். அவர் குத்துமதிப்பாக வைத்திருந்தால்? எங்கள் வீட்டில் திசையெல்லாம் அந்த மேடையை வைத்துத்தான். அதுவே கோணல் என்றால் பிள்ளையின் தெற்கும் கோணல்தானே?

மறுநாள் காலை குளித்துவிட்டு, முன்வாசல் இரும்புக் கம்பிக் கதவருகே நின்று சூரியன் வருவதைப் பார்த்தேன். சுண்ணாம்பு மலைக்குப் பின்னாலிருந்து வந்தது. சாமிக்கு நேர் எதிரே வரவில்லை. நன்றாக இடப்பக்கம் தள்ளி வந்தது.

ஆறு வருஷத்தில் நடந்த அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. இவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தது, என் பித்தப்பைக் கல், தண்ணீர்க் குழாய் வெடித்துக் கூடம் முழுக்க வெள்ளமானது. கடைசியாக யுவாவின் வாய். அவள் பேசாமல் போனதே இதனால்தானோ என்று தோன்றியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கணவர் குவாரியில் சூப்பர்வைசர். எதற்கும் பதறாத ஆள். அதுவே எனக்குப் பாதி நேரம் எரிச்சல்.

"ஜூன் மாசத்துல அப்படித்தான் வரும்லா," என்றார். "லோரி கண்ணாடியில வெயிலு அடிக்கிற பக்கம் மாசத்துக்கு மாசம் மாறும். நான் தினம் பாக்குறேன்."

"லோரி கண்ணாடியும் சாமியும் ஒண்ணாங்க?"

"சரி, இப்ப என்ன பண்ணணும்ங்கிற?"

"கொஞ்சம் திருப்பி வைங்க."

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, மேடையை இடப்பக்கமாக ஒரு சாண் திருப்பிவைத்தார். அதன் பின்முனை படுக்கையறைக் கதவை மறித்துக்கொண்டது. அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேரும் உடம்பைக் குறுக்கிக்கொண்டுதான் அறைக்குள் போய்வந்தோம்.

ஒரு சாண் திருப்பியும் மகேஸ் அக்கா வீடு வடக்கே போகவில்லை. போகுமா என்ன? அந்த வாரம் அக்கா மதில் மேல் சாய்ந்துகொண்டு இன்னொரு குண்டைப் போட்டார்.

"எங்க சொந்தத்துல ஒருத்தவங்க வீட்டுக்கு ஆபீசர் வந்தாங்களாம் தங்கச்சி. ஒவ்வொரு பக்கமா பொரட்டிப் பாத்தாங்களாம். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியலன்னு எழுதிட்டுப் போயிட்டாங்களாம்லா."

உள்ளே வந்து யுவாவை உட்காரவைத்தேன். "அந்தப் பக்கத்த அழிச்சிட்டு புக்குல இருக்கிறத எழுதும்மா."

"நான் பாத்தேன்மா."

"பாத்தது இருக்கட்டும். விடை இதுதான்."

அவளே அழித்தாள். கிழிந்துவிடாமல், பார்த்துப் பார்த்து அழித்தாள். ரப்பர் தூளை வாயால் ஊதிவிட்டாள். பன்னிரண்டு மணி, வடக்கு என்று எழுதினாள். நான் சிவப்பு மையில் சரி போட்டேன். பெட்டியில் வந்த நட்சத்திர ஒட்டி ஒன்றையும் ஒட்டினேன். இதை எழுதும்போது அந்த நட்சத்திரத்தை நினைத்துத்தான் எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் முதல் அறிவியல் நேரத்தில் யுவா தலையாட்டுவதோடு சரி. பள்ளியில் பூட்டிக்கொண்ட அந்த வாய் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. நான்தான் அழைத்துவந்தேன்.

என் நட்சத்திரம்

பழைய காரணம் இருக்கிறது என்றேனே, அது இதுதான்.

நான் படித்தது பத்து காஜா என்னும் ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில். மூன்றாம் ஆண்டில் பால் டின் மூடியில் ஈரப் பஞ்சு வைத்து, அதில் பச்சைப்பயறு போடச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு மூடி, ஒரு பயறு. தினமும் பார்த்து வரைய வேண்டும்.

எல்லாருடையதும் முளைத்தது. என்னுடையது மட்டும் முளைக்கவில்லை. மூன்றாம் நாள் பஞ்சிலிருந்து புளித்த வாடை வந்தது. ஆசிரியர் மேசை மேசையாக வந்துகொண்டிருந்தார். பக்கத்து மேசைப் பிள்ளையின் மூடியை எட்டிப் பார்த்து, வெள்ளையாக வளைந்து நின்ற அந்த முளையை என் நோட்டில் அச்சு அசலாக வரைந்துவிட்டேன். என் மூடியை இடைவேளையில் கழிப்பறைக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் கொட்டினேன்.

ஆசிரியர் என் படத்தைத்தான் சுவரில் ஒட்டினார். பக்கத்தில் ஒரு நட்சத்திரம். வருஷக் கடைசி வரை அந்தச் சுவர்ப்பக்கம் நான் உட்காரவே இல்லை. அதிகாரி வந்த நாள் வரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, கட்டிய கணவரிடம்கூட. இந்தத் தொடரில்தான் முதன்முதலாக எழுதுகிறேன்.

பன்னிரண்டரை மணி

அதிகாரியின் பெயர் ரொஹானி, மரியாதைக்குப் புவான் ரொஹானி. ஐம்பது வயதிருக்கும். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நான் கலந்து கொடுத்த ரோஸ் சிரப்பைப் பாதி குடித்தார். மலாயில்தான் பேசினார். நான் தமிழில் எழுதுகிறேன்.

மலாய் நோட்டைப் புரட்டினார். கணக்கு நோட்டைப் புரட்டினார். யுவாவிடம் என்ன பாடம் பிடிக்கும், எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய் என்று கேட்டார். யுவா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கடிதத்தை நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, சரி என்று வைத்தார். அந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் நான் தவித்தேன்.

அப்புறம் அறிவியல் நோட்டு. ஒரு பக்கம், இரண்டு பக்கம், ஐந்து பக்கம். நிழல் பாடத்தில் நின்றார். நட்சத்திரத்தைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நோட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்தார்.

"இது நீயே பார்த்து எழுதியதா?" என்று யுவாவிடம் கேட்டார்.

யுவா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் என்ன சொல்லச் சொல்கிறேனோ அதற்குக் காத்திருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் அழிக்கச் சொன்னேன், புவான்," என்றேன்.

ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. எனக்குத் தெரிந்த உடைந்த மலாயில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சாத்தே குச்சி, விடைப் புத்தகம், தலையணை வரைக்கும். சாமி மேடையை மட்டும் விட்டுவிட்டேன். அது கதவை மறித்துக்கொண்டு கோணலாக நிற்பதை அவரே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அவர் கையிலிருந்த படிவத்தில் இரண்டு வரி எழுதினார். தலைகீழாகப் படிக்க முயன்றேன், முடியவில்லை. போச்சு, நானே கெடுத்துவிட்டேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று மனம் அடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில் சூராவிலிருந்து பாங்கு கேட்டது. புவான் ரொஹானி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

யுவா எழுந்தாள். அலமாரிக்கு மேலிருந்த மணிலா அட்டையையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தொப்பிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே போனோம்.

அட்டையைத் தரையில் வைத்தாள். குச்சி நேராக நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் நீளத்துக்குக் குட்டையான நிழல், மகேஸ் அக்கா வீட்டு மதிலைப் பார்த்து விழுந்தது. நுனியில் ஒரு புள்ளி வைத்தாள்.

"செலாத்தான்," என்றாள்.

தெற்கு. மலாயில் சொன்னாள், வெளியாள் ஒருவரைப் பார்த்துச் சொன்னாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று எண்ணக்கூட எனக்கு ஓடவில்லை.

புவான் ரொஹானி தன் காலடியில் விழுந்த நிழலைக் குனிந்து பார்த்தார். "கடிகாரம் இல்லாத காலத்தில் இந்தத் தொழுகைக்கு நேரம் பார்த்ததே இப்படித்தான்," என்றார் என்னிடம். "நிழல் குறைந்து குறைந்து வந்து, மறுபடி நீளத் தொடங்க வேண்டும். நம் ஊரில் பன்னிரண்டு மணிக்கு எந்தச் சூராவிலும் இந்தப் பாங்கு சொல்ல மாட்டார்கள். இந்த மாதங்களில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும்."

பிறகு யுவாவிடம் கேட்டார். "அப்படியென்றால் புத்தகம் தப்பா?"

யுவா குச்சியைப் பார்த்தாள், தான் வைத்த புள்ளியைப் பார்த்தாள். எனக்கு வெயிலில் தலை சுற்றியது.

"தப்பு இல்லை," என்றாள் மலாயில், மெதுவாக. "அந்தப் புத்தகம் ஈப்போவுக்கு வந்ததில்லை."

அவர் சிரித்துவிட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. போகும்போது அந்தப் பக்கத்தை, அழித்த தடம் விழும்படி சாய்த்துப் பிடித்துப் போனில் படம் எடுத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கடிதம் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காலணியை மாட்டிக்கொண்டார்.

கடிதம் வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடினேன். ஒரு வருஷத்துக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். படத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஒரு வருஷம்தானா, அதற்கப்புறம் என்று அன்றைக்கே கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன்.

முளைக்காதது

ஆனால் அதிகாரி வந்துபோன அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

கணவர் வேலை முடிந்து வந்தார். நடந்ததைக் கேட்டார். யுவாதான் சொன்னாள், நான் இல்லை. சொல்லி முடித்துவிட்டு, "சாமிய பழையபடி வைங்கப்பா," என்றாள். அவர் மேடையைத் திருப்பிவைத்தார். அறைக்கதவு முழுசாகத் திறந்தது.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது யுவா வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏன்மா அழிக்கச் சொன்னீங்க?"

"பயம்தான்மா."

"எதுக்குப் பயம்?"

குழாயை மூடினேன். பால் டின் மூடியைப் பற்றிச் சொன்னேன். பக்கத்து மேசை முளையை வரைந்ததையும், சுவரில் ஒட்டிய நட்சத்திரத்தையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"உங்க பயறு ஏன் முளைக்கல?" என்றாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் படத்தை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

"தெரியலம்மா. சாக்கடையில கொட்டிட்டேன்."

"பாக்கவே இல்லையா?"

"இல்ல."

அவள் டப்பாவைத் திறந்து பத்துப் பச்சைப்பயறு எண்ணி எடுத்தாள். அலமாரியிலிருந்து பஞ்சு, ஒரு பழைய தட்டு. நனைத்து ஜன்னல் ஓரம் வைத்தாள்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது முளைத்திருந்தன. வெள்ளையாக, வளைந்து, நான் அன்றைக்குப் பார்த்து வரைந்த அதே மாதிரி. யுவா அறிவியல் நோட்டைத் திறந்தாள். அந்த ஒன்பதையும் ஓரமாகத் தள்ளிவைத்தாள். முளைக்காத ஒன்றை மட்டும் விரல்நுனியில் எடுத்துத் தட்டின் நடுவில் வைத்துவிட்டு, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தாள்.

நான் அதை அந்தப் பயறுக்கு மேல் பிடித்தேன். அவள் பென்சிலைச் சீவி வரைய ஆரம்பித்தாள்.

"ஆட்டாதீங்கமா," என்றாள்.